ஒரு கட்டில் அகலப் பழனி வெயில்

1957 தைப்பூசத்தன்று காலையில் கொடைக்கானல் ஏரிக்கரைப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தபோது, தோட்டம் போடும் சுப்புராஜின் வீட்டுக் கொல்லையில், ஒரு கட்டில் அகல இடத்தில் மட்டும் பழனி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு ஊர் வெயிலுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே எல்லோருக்கும் தெரியும். கொடைக்கானல் வெயில் கூச்ச சுபாவம் உள்ளது. வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பழனி வெயில் வந்தால் உட்கார்ந்துவிடும். அது அன்று அந்தக் கொல்லையில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டு இருளாயி கம்பளியைக் கழற்றி வைத்துவிட்டு அதற்குள் காலை நீட்டிக்கொண்டு, தன் மிளகாயையும் கொஞ்சம் பரப்பியிருந்தாள். அந்த வருஷம் பூண்டு நல்ல விலைக்குப் போனது, ஏரியில் புதுப் படகு விட்டார்கள், சுப்புராஜ் கொல்லையில் பழனி வெயில் அடித்தது. ஊர்க்காரர்கள் இந்த மூன்றையும் ஒரே குரலில்தான் சொல்வார்கள்.

சுப்புராஜ் மேல்மலையில் பூண்டி என்ற ஊர்க்காரர். பூண்டும் காரட்டும் போடுகிற குடும்பம். அண்ணன் தம்பிகள் நிறையப் பேர் இருந்து நிலம் கொஞ்சமாக இருந்ததால், இளவயதிலேயே கொடைக்கானலுக்கு வந்து பங்களாக்களுக்குத் தோட்டம் போட ஆரம்பித்தார். வட்டக்கானல் போகிற சரிவில் ஒரு சின்ன வீடு பிடித்துக்கொண்டார். மற்ற தோட்டக்காரர்கள் பங்களா எஜமான்களிடம் என்ன செடி வேண்டும் என்று கேட்பார்கள். சுப்புராஜ் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, முதலில் மண்ணைத் தேடிக் கிளம்பிவிடுவார். ஒரு பிடி மண்ணை நனைத்து உள்ளங்கையில் வைத்துத் திரிப்பார். திரி நிற்காமல் உதிர்ந்தால் மணல் அதிகம், புல்தரைக்கு ஆகும், தண்ணீர் தேங்காது. திரி வளைத்தாலும் உடையவில்லை என்றால் களி. பழஞ்சாணம் போட்டு ஆற வைத்தால் ரோஜாவுக்கு ஆகும். பெரணிக்குச் சோலைக்காட்டுக்குள் மரத்தடியில் மக்கிக் கிடக்கும் இலைமண். சரிவான இடத்துக்குக் கல் அடுக்கி, அடியில் கனத்த மண்ணும் மேலே லேசான மண்ணும். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே தோட்டம் கீழ்ப் பங்களாவுக்குக் குடிபோய்விடும். ஒரே ஹைட்ரேஞ்சியா செடி புளித்த மண்ணில் நீலமாகவும், சுண்ணாம்புச் சுவர் உதிர்ந்த மூலையில் ரோஸ் நிறமாகவும் பூப்பதை எஜமான்களுக்குக் காட்டி, "செடி என்னங்க, அது மண்ணு சொல்றதத்தான் கேக்குது" என்பார்.

அவருக்கும் ஒரு தடவை சறுக்கியது உண்டு. ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஒருவரின் பங்களாவுக்கு, சொந்த ஊர்ப் பாசத்தில் பூண்டியிலிருந்து கறுப்பு மண்ணைப் பொதிக்குதிரையில் ஏற்றி வரச்செய்து ரோஜா வைத்துவிட்டார். ரோஜாக்கள் பெரிது பெரிதாகப் பூத்தன, பூண்டு வாசம் அடித்தன. ஜட்ஜின் மனைவி பூவைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு தேநீர் விருந்துக்குப் போய்விட்டு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஜட்ஜ் மட்டும் ரசத்துக்கு நல்லது என்று இரண்டு செடியை வைத்துக்கொண்டார். பூண்டிப் பெரியவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். மேல்மண்ணோடு ஊரின் பழக்கவழக்கம் மட்டும்தான் வரும், அதனால் மோசமில்லை; ஆள் ஆழத்துக்குத் தோண்டி எடுத்தால் ஊரே கிளம்பிவந்துவிடும், அதைச் செய்யாதே என்று சொல்லி அனுப்பினார்கள். சுப்புராஜும் அதற்குப் பிறகு முழங்கை ஆழத்துக்குக் கீழே மண்வெட்டியை இறக்கியதில்லை. கல்யாணம் ஆகும்வரைக்கும்.

1954 வைகாசியில் அவர் பழனியில் சண்முகசுந்தரியைக் கல்யாணம் செய்துகொண்டார். அவளுடைய அப்பா நாச்சிமுத்து சண்முக நதிப் பக்கம் செவ்வரளித் தோட்டம் வைத்திருந்தார். மலைக்கோயிலுக்குத் தினமும் மாலை கட்டிக் கொடுப்பது அந்தக் குடும்பத்தின் பாத்தியதை. தினமும் என்றால் தினமும். விடியுமுன் பூப் பறித்து, கட்டி, ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் நாச்சிமுத்து பல் விளக்குவார். அதனால் அவர் வாழ்க்கையில் ஒரு ராத்திரி கூட வெளியூரில் தங்கியதில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் கொடைக்கானல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போய்விட்டு ஒரே நாளில் திரும்ப முடியாத ஊர் அது. முடிந்திருந்தாலும் குளிர் என்ற சொல்லைக் கேட்டாலே துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்கிற மனிதர்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அங்கே பிறந்த பெண், வாக்கப்பட்ட ஊரில் தன் கையால் செவ்வரளி வைத்து, தைப்பூசத்துக்கு ஒரு சரமாவது பிறந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மூன்று தைப்பூசத்துக்குள் பூ வரவில்லை என்றால் அந்த ஊர் மண் பெண்ணை ஏற்கவில்லை என்று அர்த்தம். பெண் திரும்பி வந்துவிட வேண்டும். இதை யாரும் கோபத்தோடு செய்வதில்லை. அழுதுகொண்டே செய்வார்கள், ஆனால் செய்துவிடுவார்கள். நாச்சிமுத்துவின் தங்கை சுந்தராம்பாளைப் பாறையூர் ஒன்றில் கொடுத்திருந்தார்கள். கல் உடைக்கிற ஊர். தோண்டினால் கல், கல்லுக்கு அடியில் வேறு கல். அரளி வரவில்லை. அவள் திரும்பி வந்து அண்ணன் வீட்டில் மாலை கட்டிக்கொண்டிருந்தாள். வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு அவள் புருஷன் இராமலிங்கம் வருவார். இலையில் சாப்பிடுவார், அவள் எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார், போய்விடுவார். இருவருக்கும் தலை நரைத்தது இப்படித்தான். சண்முகசுந்தரி இதைப் பார்த்து வளர்ந்தவள்.

செவ்வரளி வெக்கைக்குப் பிறந்த செடி. கொடைக்கானல் தை மாதத்தில் அதைப் பூக்கவைப்பது என்பது ஏரியில் உப்பு எடுப்பது மாதிரி. சுந்தரி கொல்லையில் வைத்த கன்று முதல் மார்கழியிலேயே உறைபனியில் கருகியது. தைப்பூசம் பூ இல்லாமல் போனது. அவள் அழவில்லை, கருகின குச்சியைப் பிடுங்கி வைத்துவிட்டு அடுத்த பதியனை ஊன்றினாள். அவள் சாது போலத் தெரிவாள், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். குளிரில் விரல் வெடித்து, மூக்கு சிவந்து, தினமும் கம்பளிக்குள்ளிருந்தே சமைத்தாள். போய்விடலாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இந்த மனுஷன் மண்ணை மோந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற அழகை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. சுப்புராஜுக்கோ, ஊர் பங்களாவுக்கெல்லாம் தோதான மண் தேடிக் கொடுத்தவன் தன் பெண்டாட்டி நிற்க ஒரு பாத்தி மண் தேட முடியவில்லையே என்று சோறு இறங்கவில்லை.

அடுத்த வருஷத்துக்கு மலை இறங்கி வத்தலக்குண்டிலிருந்து செம்மண் கொண்டுவந்தார். சூடான ஊர், நல்ல நிறமான மண். ஆனால் அவசரத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் எடுத்துவிட்டார். பாத்தியில் லேசான வெதுவெதுப்பு வந்தது உண்மை. வெள்ளனே அதிலிருந்து பஸ் ஆரன் சத்தம் வந்ததும் உண்மை. யாரோ 'திண்டுக்கல், திண்டுக்கல்' என்று கூவுவதும் கேட்கும். அரளி மொட்டுவிட்டது, ஆனால் எந்த மொட்டும் தங்கவில்லை. வந்து நின்றன, ஒரு ஆரன் சத்தம் கேட்டது, உதிர்ந்துவிட்டன. வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போவதற்காகவே வருகிற இடத்து மண் அது, அதற்குத் தெரிந்ததைத்தான் அது செய்தது. இரண்டாவது தைப்பூசமும் போயிற்று.

மூன்றாவதுக்கு முன் ஆடியில் சுப்புராஜ் பழனிக்குப் போய் மாமனார் முன்னால் கைகட்டி நின்றார். நாச்சிமுத்து பூப் பிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"மாமா, உங்க தோட்டத்து மண்ணு கொஞ்சம் வேணும்."

"பொண்ணு கேட்டு வந்த மாப்பிள்ளையப் பாத்திருக்கேன். மண்ணு கேட்டு வந்தவர இப்பத்தான் பாக்குறேன். எங்க மண்ணுல வச்சுப் பூத்தா அது உங்க ஊரு பூவாகுமா?"

"செடிய அவதான வைக்கப்போறா. மலையில அவளுக்குத் தோதான மண்ணு இல்ல மாமா. நான் தேடாத எடமில்ல."

நாச்சிமுத்து கையிலிருந்த பூவையெல்லாம் கூடையில் போட்டார். பிறகு, "எடுத்துக்கிருங்க. எம் மக இங்க வந்து ஒக்காந்து பூக் கட்டுறதப் பாக்க எனக்கு மட்டும் ஆசையா?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுந்தராம்பாள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் உள்ளேயிருந்து கேட்டது.

பழைய எச்சரிக்கை சுப்புராஜுக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததால்தான் அதை மீறினார். ஒரு கட்டில் அகலத்துக்கு அளந்துகொண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டினார். ஊரே கிளம்பிவந்தாலும் பரவாயில்லை, சுந்தரி இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. மண்ணைச் சாக்கில் கட்டி, பூண்டிக்காரன் மலைச்சாமியின் பொதிக்குதிரைகளில் ஏற்றி, மலைப்பாதை வழியாகக் கொண்டுவந்தார். கொல்லையில் அதே அளவுக்குப் பள்ளம் எடுத்து நிரப்பினார். பழைய கொல்லைமண் வேலி ஓரமாகக் குவிந்து கிடந்தது.

மறுநாள் காலையில் பாத்திக்குமேல் வெயில் அடித்தது. மற்ற இடமெல்லாம் ஆடிச் சாரல். பாத்திக்குள் கையை நீட்டினால் கை வேர்த்தது. சுந்தரி கம்பளியை உதறிவிட்டு அதற்குள் போய் நின்று, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக முழுசாக மூச்சுவிட்டாள். விஷயம் பரவியது. பச்சைப்பிள்ளைக்காரிகள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருளாயி அப்பளம் காயப்போட்டாள். ஊரில் புழுக்கம் என்றால் என்னவென்றே அறியாத கிழவர்கள் உள்ளே போய் நின்று, விசிறிக்கொண்டு, இது நமக்கு ஆகாது என்று வெளியே வந்தார்கள்.

ஆனால் அரளி பூக்கவில்லை. இலை செழித்தது, மொட்டு வரவில்லை. வெயிலும் சரியாக இல்லை. நாள் முழுக்கப் பாத்தியின் வடக்கு ஓரத்தில் பழனித் திசையைப் பார்த்துச் சாய்ந்துகொண்டே நின்றது. புரட்டாசி முடிவதற்குள் மலைச்சாமி பூண்டு இறக்கிவிட்டுப் பழனியிலிருந்து திரும்பியவன், குதிரையைக் கட்டாமல் நேரே வந்து சேதி சொன்னான்.

"சுப்புராஜண்ணே, மாமா தோட்டத்துல நீங்க தோண்டுன குழி இருக்குல்ல, அதுல வெயிலு இல்ல. மழையும் இல்ல. காத்துக்கூட இல்ல. வெறுமனே கெடக்கு. காக்கா குருவியெல்லாம் சுத்திப் போகுது."

"நெழலு விழுந்திருக்கும்லே."

"நெழலு விழ வெயிலு வேணுமில்ல? அது மட்டுமில்லண்ணே, அது பரவுது. சுத்தி இருக்குற அரளியெல்லாம் பூக்க மாட்டேங்குது. மாமா ஒண்ணும் சொல்லல. சுந்தராம்பா சின்னம்மாதான் சொல்லச் சொன்னாக."

மகளுக்கு ஒரு சரம் பூ வேண்டுமென்று எடுத்த மண், கோயிலுக்குத் தினமும் போகிற மாலைக்கே உலை வைத்துவிட்டது. வெயிலைத் தூக்கி வந்தவர் அந்த இடத்துக்கு வேறு எதையும் வைத்துவிட்டு வரவில்லை. சுப்புராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு அவருக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். நல்ல மண் தேடினார். பெரணிக்கு எடுக்கிற இடத்தையும் தாண்டிச் சோலையின் நடுவுக்குப் போய், மழை படாத மரத்தடியில் காலங்காலமாக மக்கின இலைமண்ணை எடுத்தார். முகர்ந்தால் பசிக்கிற மண் அது. அதுவரை எந்தப் பங்களாவுக்கும் அவர் கொடுத்ததில்லை. அதைப் பழனிக்கு அனுப்பினார். குழியில் போட்ட மறுவாரமே அது அமுங்கிக் காணாமல் போனது. அடுத்து பூண்டியிலிருந்து அண்ணன் நிலத்துக் கறுப்பு மண்ணை அனுப்பினார். அது குழியின் ஒரு மூலையில் ஒதுங்கி, தெரியாத வீட்டுக்கு வந்த ஆள் போல நின்றது. குழி இன்னும் ஒரு வரிசை அரளியை விழுங்கியது. மாலையின் நீளம் குறைகிறது என்று மலைக்கோயிலில் பேச ஆரம்பித்தார்கள். நாச்சிமுத்து இருக்கிற பூவை வைத்துக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் ஒரு நாள், ஜட்ஜ் பங்களாப் புல்தரை மண் இருக்கிறதே, அதைக் கேட்டுப் பார்க்கலாமா என்று சுப்புராஜ் யோசித்துக்கொண்டிருந்தபோது, சுந்தரி வேலி ஓரமாகக் குவிந்து கிடந்த கொல்லைமண்ணை மம்பட்டியால் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"அப்பாவுக்கு அனுப்பப் போறேங்க."

"இதையா? இதுல களைகூட மொளைக்காது சுந்தரி. களியும் சாம்பலுமாக் கெடக்கு. நீ பாத்திரம் வெளக்குன எடம் அது. மலையிலயே மட்டமான மண்ணு."

சுந்தரி மம்பட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். "பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கையில அடுத்த வீட்டுப் பொண்ணு அழகா இருக்கான்னு அவளையா குடுப்பாங்க? நம்ம வீட்டுல எப்படி இருக்கோ அதத்தானே குடுக்கணும். நீங்க எங்கப்பா மண்ண எடுத்தீங்க, பதிலுக்குக் காட்டு மண்ணக் குடுத்தீங்க, பெரியத்தான் மண்ணக் குடுத்தீங்க. நம்ம மண்ண ஒளிச்சு வச்சிருக்கீங்க."

சுப்புராஜ் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்தார். வழக்கம்போலத் திரித்தார். பிசுபிசுவென்று ஒட்டியது; உள்ளே தேயிலைச் சக்கை, கரி, சுந்தரியின் உடைந்த வளையல் துண்டு ஒன்று. மண் விஷயத்தில் அவருக்கு வெட்கம் வந்தது அன்றைக்குத்தான். தன் வீட்டு மண்ணை மாமனார் கண்ணில் காட்டக் கூசித்தான் இத்தனை நாளும் ஊர் மண்ணையெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கே அப்போதுதான் புரிந்தது. இன்னொரு மம்பட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

மார்கழிப் பிறப்பன்று சுந்தரியே பொதிக்குதிரைகளோடு நடந்து பழனிக்கு இறங்கினாள். மலைச்சாமி வழியெல்லாம், "மதினி, குதிர இத மண்ணுன்னு ஒத்துக்க மாட்டேங்குது, கல்லுன்னு நெனைக்குது" என்று கேலி பேசிக்கொண்டே வந்தான். சண்முக நதியோரத் தோட்டத்தில் சுந்தராம்பாள் ஆலம் கரைத்து வைத்திருந்தாள். புதுப்பெண்ணுக்குச் சுற்றுவது போலச் சாக்குகளுக்குச் சுற்றி, பொட்டு வைத்து உள்ளே விட்டாள். நாச்சிமுத்து தானே குழிக்குள் இறங்கி நின்று மண்ணை வாங்கிப் போட்டார். குழி நிறைய நிறைய அவரும் மேலே வந்தார். கடைசிச் சாக்கைக் கொட்டியதும் அதை மிதித்துச் சமன் செய்தார்.

அப்போது அவர் காலைச் சுற்றி மேகம் கிளம்பியது. முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறி அவரை மூடியது. சுற்றிலும் பழனி வெயில் காய்ந்தது. ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் கொடைக்கானல் மார்கழி இறங்கி நின்றது. உள்ளே பல் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. சுந்தரி பதறி உள்ளே போனாள். நாச்சிமுத்து இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார், ஆனால் வெளியே வர மறுத்தார். மகளின் கையைப் பிடித்து, வெடித்த விரல்களைப் புரட்டிப் பார்த்தார்.

"இம்புட்டுக் குளுருலயா இருக்க, தாயி?"

"ஆமாப்பா."

"ஒரு வார்த்த சொல்லலையே."

"நீங்க வந்து பாக்கலையேப்பா."

நாச்சிமுத்து அழுதார். மேகத்துக்குள் அழுததால் வெளியே நின்றவர்களுக்குத் தெரியவில்லை, நமக்குச் சுந்தரி சொல்லித்தான் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை அவளுக்குப் போர்த்தி, "வெரசாக் கெளம்பு. பூசத்துக்கு நாளு கிட்டத்துல வந்துருச்சு. அரளிக்குத் தண்ணி ஊத்த ஆளு வேணுமில்ல, மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்" என்றார். மாப்பிள்ளைக்குத் தோட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்ட ஒரே ஆள் இந்த மலையிலும் சமவெளியிலும் அவர்தான்.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது பாத்தி வெயில் வடக்கு ஓரத்தை விட்டு நடுவுக்கு வந்து நிமிர்ந்து நின்றது. அரளியில் மொட்டுக் கட்டியிருந்தது. பழனியில் குழியைச் சுற்றிப் பூக்காமல் நின்ற அரளிகளும் மறுபடி மொட்டுவிட்டதாகச் சேதி வந்தது. தைப்பூசத்துக்கு முன்தினம் மொத்தமாகப் பூத்தது. சுந்தரி பறித்தாள், கட்டினாள், ஒரு சரம் என்பது ஒரு முழு மாலையாக வந்தது. மலைச்சாமி அதை ஈரத்துணியில் சுற்றி, பூண்டு ஏற்றாமல் வெறுங்குதிரையில் கொண்டுபோனான். அவன் அப்படி ஒரு தடவை வெறுங்குதிரையோடு போனதை மேல்மலையில் இன்றும் ஒரு அதிசயமாகச் சொல்கிறார்கள். வெயிலைப் பற்றி யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

அந்த அரளி மாலை பழனி வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரத்தில் இராமலிங்கம் வழக்கம்போல இலையில் உட்கார்ந்திருந்தார். மாலையைப் பார்த்தார், தோட்டத்து மேகத்தைப் பார்த்தார், சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோனார். ஒரு வாரம் கழித்துக் கல்தூள் மூட்டையோடு வந்து, "எங்க வீட்டு மண்ணு இதான். இதுக்கு மேல இல்ல" என்று வாசலில் வைத்தார். சுந்தராம்பாள் அன்று சாயங்காலமே, மடியில் பழனி மண்ணைக் கட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினாள். நாச்சிமுத்து தோட்டத்தின் கிழக்கு மூலையில் உளிச்சத்தம் கேட்க ஆரம்பித்தது. பாறையூரில் ஒரு வீட்டு முன்னால் மட்டும் அரளி பூத்தது.

அதற்குப் பிறகு வருஷங்கள் சத்தமில்லாமல் போயின. சுந்தரிக்கு ஒரு மகள் பிறந்து, பாத்தி வெயிலில் எண்ணெய்க் குளியல் குளித்து வளர்ந்தாள். கொடைக்கானலுக்குச் சீசன் கூட்டம் அதிகமானது. சுப்புராஜ் புதுப் பங்களாக்களுக்குத் தோட்டம் போட்டார்; ஒவ்வொரு எஜமானிடமும் நல்ல மண் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் உங்கள் சொந்த ஊர் எது, அங்கேயிருந்து ஒரு பிடி கொண்டுவர முடியுமா, பதிலுக்கு இங்கிருந்து ஒரு பிடி கொண்டுபோவீர்களா என்றும் கேட்பார். பலர் சிரித்தார்கள், சிலர் கொண்டுவந்தார்கள். அதனால்தான் சில பங்களாக்களில் ஒரு மூலையில் கடல்காற்று அடிப்பதும், ஒரு வீட்டுப் புல்தரையில் ஐப்பசி தோறும் தஞ்சாவூர் அடைமழை பெய்வதும். வானிலை அதிகாரி ஒருவர் சுப்புராஜ் கொல்லைக்கு வந்து, உஷ்ணமானியைப் பாத்திக்குள்ளும் வெளியேயும் மாற்றி மாற்றி நீட்டிப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தார். எழுதியனுப்பினால் தன்னை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று எழுதவில்லை.

பழனியிலும் அப்படித்தான். சித்திரை வெயிலில் காவடி எடுத்து வந்தவர்கள் நாச்சிமுத்து தோட்டத்து மேகத்துக்குள் ஒரு தரம் நுழைந்து வெளியே வருவார்கள். கொடைக்கானலில் மழை பெய்தால் அங்கே ஒரு கட்டில் அகலத்துக்கு மழை பெய்யும். பழனியில் பெய்தால் இங்கே. மகள் பின்னிக் கொடுத்த கம்பளியை நாச்சிமுத்து அரளிக்கிளையில் மாட்டி வைத்திருந்தார். தினமும் மாலை கட்டி அனுப்பிவிட்டு, பல் விளக்கிவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேகத்துக்குள் போய் நிற்பார். குளிருக்குப் பயந்த மனிதர் அங்கே போய் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. சில நாள் இருளாயி அப்பளம் சுடும் வாசம் வரும். சில நாள் பேத்தி யாரையோ திட்டுகிற சத்தம் கேட்கும். அவர் கடைசிவரைக்கும் மலை ஏறவில்லை. மாலை கட்ட ஆள் வேண்டுமே.

1966-ல் சீசனுக்கு மதுரையிலிருந்து பக்கத்து வீட்டில் வந்து தங்கிய ஒரு அம்மாள், ஒரு மத்தியானம் வேலிக்கு மேலாகப் பார்த்தார். நல்ல வெளிச்சமான பகல், எங்கும் ஒரு தூறல் இல்லை. கொல்லையின் ஒரு மூலையில் மட்டும் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சண்முகசுந்தரி குடையோடு அதற்குள் போய், காயவைத்த மிளகாயை முறத்தில் வாரிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னங்க இது?" என்றார் அந்த அம்மாள்.

"பழனியில மழைங்க. திடீர்னு புடிச்சிருச்சு."

"அப்படியா. அங்க உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

"எங்கப்பா இருக்காருங்க. அவருக்கு ஒண்ணுமில்ல, மழ வந்தா ஒதுங்க எடமிருக்கு. இந்நேரம் எங்க கொல்லையிலதான் நிப்பாரு."

சொல்லிவிட்டு முறத்தை வாசற்படியில் வைத்தாள். விளக்குமாற்றை எடுத்துக் கொல்லையை மூலை மூலையாகக் கூட்ட ஆரம்பித்தாள். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, நல்ல பூண்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.